எஸ்யூவிக்குத் தலைச்சுமை வேண்டுமா?

ஏழு பேர் தாராளமாக உட்காரலாம் என்று சொல்லி விற்கப்படும் எஸ்யூவியில் ஏழு பேரும் உட்கார்ந்துவிட்டால் பெட்டிகள் எங்கே போகும்? ஷோரூமில் வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்க்கும்போது இந்தக் கேள்வி யாருக்கும் எழுவதில்லை. பொங்கலுக்கு ஊருக்குக் கிளம்பும் காலையில், டிக்கியைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கும்போதுதான் எழுகிறது. 2021இல் வந்த டாடா சஃபாரியில் மூன்றாவது வரிசையை மடக்கிவிட்டால் பின்னால் 447 லிட்டர் இடம். அதே வரிசையை நிமிர்த்தி ஆட்களை உட்காரவைத்தால் மிஞ்சுவது 73 லிட்டர். ஹூண்டாய் அல்கஸாரில் 180 லிட்டர். நடுத்தர சூட்கேஸ் ஒன்று 67 சென்டிமீட்டர் உயரம், 44 அகலம், 28 தடிமன் என்று வைத்துக்கொண்டால், அது ஒன்றே 82 லிட்டர் இடம் பிடிக்கும்.

அதாவது சஃபாரியில் ஏழு பேர் ஏறினால் ஒரு சூட்கேஸுக்குக்கூட இடமில்லை. மீதியெல்லாம் மடியிலும் காலடியிலும்தான். அப்போது கண் தானாக மேலே போகிறது. கூரையின் இரு ஓரத்திலும் இரண்டு கம்பிகள் பளபளவென்று நிற்கின்றன. அதில் ஒரு கேரியரைப் போட்டுவிட்டால் வேலை முடிந்ததே?

போடலாம்தான். ஆனால் போட்ட பிறகு மைலேஜ், வளைவில் வண்டியின் நிதானம், காதுக்குள் கேட்கும் இரைச்சல் எல்லாமே கொஞ்சம் மாறும். எவ்வளவு மாறும் என்பதற்குக் கணக்கு உண்டு.

வெறும் அலங்காரமா, வேலைக்கானதா?

முதலில் மேலே இருப்பது என்ன என்று பார்க்கவேண்டும். வண்டியின் நீளவாக்கில் ஓடும் இரண்டு கம்பிகள் ரூஃப் ரெயில். அவற்றின் மீது நேரடியாக எதையும் வைத்துக் கட்டமுடியாது. இடமிருந்து வலமாக, ரெயிலிலிருந்து ரெயிலுக்குப் போகும் குறுக்குக் கம்பிகள் இரண்டு வேண்டும். அந்தக் குறுக்குக் கம்பிகளின் மேல்தான் கூடைபோன்ற கேரியரோ, மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டியோ, சைக்கிள் மாட்டும் சட்டமோ உட்காரும். ஷோரூமிலிருந்து வண்டியோடு வருவது பெரும்பாலும் ரெயில் மட்டும்தான். சில மாடல்களில் அதுவும் வெறும் அழகுக்காக ஒட்டப்பட்டது. சுமை ஏற்றக்கூடாது என்று கையேட்டிலேயே எழுதியிருக்கும். சுமை தாங்கும் ரெயில் என்றால் எத்தனை கிலோ வரை என்ற எண்ணும் அதே கையேட்டில் இருக்கும். குடும்ப எஸ்யூவிகளில் அது பொதுவாக 50 முதல் 100 கிலோவுக்குள். இந்த எண்ணில் குறுக்குக் கம்பி, கேரியர் ஆகியவற்றின் சொந்த எடையும் அடக்கம். இரும்புக் கூடை ஒன்று 20 கிலோ இருந்தால், 75 கிலோ வரம்பில் மிச்சம் 55 கிலோதான்.

பழைய வண்டிகளில் இந்தக் குழப்பம் இருந்ததில்லை. 2014இல் உற்பத்தி நின்ற அம்பாசடரின் கூரையோரம் மழைநீர் வடிய ஒரு தகட்டு விளிம்பு இருக்கும். கேரியரின் கொக்கிகளை அந்த விளிம்பில் மாட்டி, திருகை முறுக்கினால் போதும். காற்றைக் கிழித்துக்கொண்டு போகும் உடலமைப்பு வேண்டும் என்ற நெருக்கடி வந்தபோது அந்த விளிம்பு மறைந்தது. கூரைத் தகடும் பக்கத் தகடும் சேரும் இடம் இன்று ஒரு கறுப்புப் பட்டைக்குள் ஒளிந்துகொண்டது. கொக்கி மாட்ட இடமில்லாமல் போகவே, ஒவ்வொரு மாடலுக்கும் தனித்தனி பிடிமானம் செய்வதே ஒரு தொழிலாக வளர்ந்தது. இந்தத் துறையில் உலகப் பெயர் வாங்கிய தூலே என்ற சுவீடன் நிறுவனம் 1942இல் தொடங்கியபோது மீன்பிடிப்போருக்கான பொறியைத்தான் செய்து விற்றது. கார் கூரைக்கு வந்தது 1962இல்.

காற்றுக்குக் கட்டும் வரி

ஓடும் வண்டியைப் பிடித்து இழுப்பவை முக்கியமாக இரண்டு. ஒன்று, டயர் உருளும்போது ஏற்படும் தடை. இது வேகத்தைப் பொறுத்து அதிகம் மாறாது. இன்னொன்று காற்றின் தடை. இது வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடும். வேகம் இரட்டித்தால் தடை நான்கு மடங்கு.

1,800 கிலோ எடையுள்ள, முகப்பு அகன்ற ஒரு எஸ்யூவியை எடுத்துக்கொண்டு தோராயமாகக் கணக்குப் போடலாம். 50 கி.மீ. வேகத்தில் டயர்களின் தடை சுமார் 190 நியூட்டன். காற்றின் தடை 100 நியூட்டனைச் சற்றே தாண்டும். அதே வண்டி 100 கி.மீ. வேகத்தில் போனால் டயர் தடை ஏறக்குறைய அதே 190தான். காற்றின் தடையோ 400ஐத் தாண்டிவிடும். அதாவது 40 கிலோவுக்கு மேற்பட்ட ஒரு விசை வண்டியை ஓயாமல் பின்னுக்குத் தள்ளுகிறது. அதைச் சமாளிக்க மட்டும் எஞ்சின் சுமார் 15 குதிரைத்திறனைச் செலவிடுகிறது. 50 கி.மீ. வேகத்தில் இதற்கு இரண்டு குதிரைத்திறன் போதுமாக இருந்தது.

கூரைச் சுமை கூட்டுவது இந்தக் காற்றுக் கணக்கை. அதனால்தான் அண்ணா சாலை நெரிசலில் ஊர்ந்து போகும் வண்டிக்குக் கேரியர் ஒரு பொருட்டே இல்லை. திருச்சி நெடுஞ்சாலையில் ஏறியதும் மைலேஜில் அடி விழுகிறது. அமெரிக்க அரசின் எரிபொருள் சிக்கனத் தளம் தரும் எண்களும் இதையே சொல்கின்றன. மொண்ணையான பெரிய கூரைப் பெட்டி ஒன்று நகரத்துக்குள் 2 முதல் 8 விழுக்காடு வரை மைலேஜைக் குறைக்கும். நெடுஞ்சாலையில் 6 முதல் 17. மணிக்கு 105 முதல் 120 கி.மீ. வரை போகும் விரைவுச் சாலையில் 10 முதல் 25 விழுக்காடு. அதே சுமையை வண்டியின் பின்பக்கம் தாங்கியில் வைத்தால், விரைவுச் சாலையிலும் இழப்பு ஐந்து விழுக்காட்டைத் தாண்டுவதில்லை. வண்டி ஏற்கெனவே கிழித்த காற்றின் நிழலில் அது ஒண்டிக்கொள்வதே காரணம்.

அமெரிக்காவின் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் அமைப்பு ஹோண்டா அக்கார்டு காரை 105 கி.மீ. வேகத்தில் ஓட்டிப் பார்த்தது. கூரையில் ஒன்றும் இல்லாதபோது லிட்டருக்குச் சுமார் 18 கி.மீ. வெறும் கேரியரை மாட்டியதும் 15.7. அதில் இரண்டு சைக்கிள்களை ஏற்றியதும் 11.5. பெட்ரோல் டேங்கில் ஓட்டை விழுந்ததுபோன்ற சரிவு. பின்னர் அதே அமைப்பு ஒரு செடானையும் ஒரு எஸ்யூவியையும் கூரைப் பெட்டியோடு ஓட்டிப் பார்த்தபோது, செடானில் 19 விழுக்காடும் எஸ்யூவியில் 13 விழுக்காடும் மைலேஜ் குறைந்தது. எஸ்யூவிக்காரர்கள் இதில் மகிழ ஒன்றுமில்லை. எஸ்யூவி ஏற்கெனவே காற்றோடு மல்லுக்கட்டி அதிகம் குடிக்கும் வண்டி; அதனால் கூடுதல் செலவு விழுக்காட்டில் சிறியதாகத் தெரிகிறது.

தனி வண்டியின் கணக்கு ஒரு பக்கம். நாடு முழுவதற்குமான கணக்கை 2016இல் யூச்சே சென், ஆலன் மையர் என்ற இரு ஆய்வாளர்கள் ‘எனர்ஜி பாலிசி’ இதழில் வெளியிட்டார்கள். கூரைக் கேரியர்களால் அமெரிக்காவில் ஆண்டுக்குப் பத்துக் கோடி கேலன், அதாவது சுமார் 38 கோடி லிட்டர் பெட்ரோல் கூடுதலாக எரிகிறது என்பது அவர்கள் மதிப்பீடு. அந்த ஆய்வில் உறைக்கும் விஷயம் வேறு: சுமையே இல்லாமல், கழற்றச் சோம்பல்பட்டு விட்டுவைத்த வெற்றுக் கேரியர்களுக்கும் இந்தச் செலவில் கணிசமான பங்கு உண்டு.

நம் ஊர்க் கணக்கில் சொன்னால் இப்படி. ஆண்டுக்கு 15,000 கி.மீ. ஓடும் பெட்ரோல் எஸ்யூவி, அதில் பாதி நெடுஞ்சாலையில், லிட்டருக்கு 13 கி.மீ. தருகிறது. கூரையில் நிரந்தரமாக உட்கார்ந்திருக்கும் இரும்புக் கூடையால் நெடுஞ்சாலைச் செலவு 10 விழுக்காடு கூடினால், ஆண்டுக்கு 57 லிட்டர் கூடுதல். லிட்டர் 100 ரூபாய் என்றால் ஐயாயிரத்துக்கு மேல். கூடையில் பெட்டி ஏறியது பொங்கலுக்கும் கோடை விடுமுறைக்கும் மட்டும். காற்றுக்கு வரி கட்டியது ஆண்டு முழுவதும்.

மின்சார எஸ்யூவி வைத்திருப்போருக்கு இது இன்னும் நேரடியாகத் தெரியும். பெட்ரோல் எஞ்சின் எரிபொருளின் ஆற்றலில் பெரும்பகுதியை வெப்பமாக வெளியே விடுகிறது. மின்மோட்டார் அப்படி வீணாக்குவதில்லை. எனவே நெடுஞ்சாலையில் பேட்டரி செலவாவதில் பெரும்பங்கு காற்றைத் தள்ளுவதற்கே. கேரியர் ஏறினால் அடுத்த சார்ஜிங் நிலையம் தூரமாகிவிடும்.

மெல்லிய கம்பி, பெரிய தடை

கேரியர் என்றதும் பெட்டிகளின் பருமன்தான் காற்றை மறிக்கிறது என்று தோன்றும். ஒரு விரல் தடிமனுள்ள வெற்றுக் கம்பி என்ன செய்துவிடும்? நிறையச் செய்யும். காற்றுக்குப் பொருளின் அளவைவிட அதன் வடிவம் பெரிது. உருளைக் கம்பியைச் சுற்றி வரும் காற்று பின்பக்கம் வளைந்து வந்து ஒன்றுசேர முடியாமல் பிய்ந்துபோகிறது. அங்கே அழுத்தம் குறைந்து, கம்பியைப் பின்னுக்கு இழுக்கிறது. சதுரக் கம்பியில் இது இன்னும் மோசம். அதே தடிமனுக்கு, முன்பக்கம் மொழுமொழுவென்று உருண்டும் பின்பக்கம் கூம்பியும் இருக்கும் விமான இறக்கை வடிவம், உருளைக் கம்பி தரும் தடையில் பத்தில் ஒரு பங்கைக்கூடத் தராது.

முதல் உலகப்போர்க் காலத்து இரட்டை இறக்கை விமானங்களில் இறக்கைகளை இழுத்துக் கட்டப் பயன்பட்ட மெல்லிய கம்பிகளே விமானத்தின் வேகத்தைப் பெரிதும் குறைத்தன. இங்கிலாந்தில் ஃபார்ன்பரோவிலிருந்த அரசு விமானத் தொழிற்சாலை அந்தக் கம்பிகளைத் தட்டையாக, காற்றுக்கு இசைந்த குறுக்குவெட்டோடு உருட்டித் தயாரித்து இதைச் சமாளித்தது. இன்று கடையில் சதுர இரும்புக் குழாயில் செய்த குறுக்குக் கம்பிக்கும், இறக்கை வடிவ அலுமினியக் கம்பிக்கும் பல ஆயிரம் ரூபாய் வித்தியாசம் வருவதற்கு அதே பாடம்தான் காரணம். சதுரக் குழாய் இரண்டு, ஒவ்வொன்றும் 1.2 மீட்டர் நீளம், 25 மில்லிமீட்டர் தடிமன் என்று கணக்கிட்டால், அவை மட்டுமே எஸ்யூவியின் காற்றுத் தடையில் பத்து விழுக்காட்டுக்கு மேல் கூட்டிவிடும். இறக்கை வடிவமென்றால் ஒரு விழுக்காட்டோடு போகும்.

ஓசையும் இங்கிருந்தே வருகிறது. கம்பியின் பின்னால் பிய்ந்த காற்று, மேலொன்று கீழொன்று என்று மாறி மாறிச் சுழல்களாகக் கழன்று போகும். ஒவ்வொரு சுழலும் கழலும்போது கம்பியையும் சுற்றியுள்ள காற்றையும் லேசாக உலுக்கும். காற்றில் கம்பிகள் ஏன் பாடுகின்றன என்று ஆராய்ந்த செக் இயற்பியலாளர் வின்சென்ட்ஸ் ஸ்ட்ரூஹால் 1878இல் ஓர் எளிய உறவைக் கண்டார்: சுருதி காற்றின் வேகத்துக்கு ஏற்பக் கூடும், கம்பியின் தடிமனுக்கு ஏற்பக் குறையும். வேகத்தைத் தடிமனால் வகுத்து, ஐந்தில் ஒரு பங்கு எடுத்தால் நொடிக்கு எத்தனை அதிர்வு என்பது வந்துவிடும். 25 மில்லிமீட்டர் உருளைக் கம்பி 100 கி.மீ. வேகத்தில் நொடிக்குச் சுமார் 220 முறை அதிரும். கச்சேரி மொழியில் சொன்னால் ஆறு கட்டை சுருதி. மதுரை வரை ஒரே சுருதியில் ஆலாபனை கேட்டுக்கொண்டு போவது எவருக்கும் உவப்பாக இராது.

இதற்குக் கைவைத்தியம் ஒன்று உண்டு. முன்பக்கக் குறுக்குக் கம்பியில் ஒரு கயிற்றை இடைவெளி விட்டுச் சுருள் சுருளாகச் சுற்றிவிட்டால் இரைச்சல் வெகுவாக அடங்கும். சுழல்கள் கம்பி நெடுகிலும் ஒரே நேரத்தில் கழன்றால்தான் ஓசை திரளும். கயிறு அந்த ஒற்றுமையைக் குலைத்து, ஒவ்வோர் இடத்திலும் ஒவ்வொரு கணத்தில் கழலவைக்கிறது. ஆலைகளின் உயரமான எஃகுப் புகைபோக்கிகளின் உச்சியில் திருகுபோல் தகடு சுற்றியிருப்பதும் இதே காரணத்துக்காகத்தான். பிரிட்டனின் தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் கிறிஸ்டோபர் ஸ்க்ரூட்டன் 1950களில் உருவாக்கிய ஏற்பாடு அது. புகைபோக்கியில் ஓசையைவிட ஆட்டம்தான் பயம்.

கூரை உறுதி, எண் மட்டும் ஏன் சிறிது?

இங்கே ஒரு முரண் கண்ணில் படும். அமெரிக்காவில் 2009இல் கடுமையாக்கப்பட்ட விதியின்படி, கார் கவிழ்ந்தால் நசுங்காமலிருக்க அதன் கூரை வண்டி எடையைப்போல மூன்று மடங்கைத் தாங்கவேண்டும். இரண்டு டன் வண்டியின் கூரை ஆறு டன்னைத் தாங்குகிறது. பிறகு ஏன் கையேடு 75 கிலோவோடு நிறுத்திக்கொள்கிறது?

முதல் காரணம், நிற்கும் வண்டிக்கும் ஓடும் வண்டிக்கும் உள்ள வேறுபாடு. வேகத்தடையைக் கவனிக்காமல் ஏறி இறங்கும்போது 75 கிலோ மூட்டை ஒரு கணம் 150 கிலோவாக அழுத்தும். மறுகணம் மேலே துள்ளப் பார்க்கும். சடன் பிரேக் போட்டால் அதே மூட்டை 60 கிலோ விசையோடு முன்னால் பாயும். இதையெல்லாம் தாங்கவேண்டியவை கூரைத் தூண்கள் இல்லை. ரெயிலைப் பிடித்திருக்கும் நான்கைந்து போல்ட்டுகளும் அவற்றுக்கு அடியிலுள்ள மெல்லிய தகடும்தான். கூரையில் கூடாரம் விரித்து அதில் இரண்டு பேர் படுத்துறங்க முடிவதும் இதனால்தான்: நிற்கும்போது தாங்கும் எடை, ஓடும்போது தாங்கும் எடையைவிடப் பல மடங்கு.

இரண்டாவது காரணம் இதைவிட முக்கியம்: வண்டியின் ஈர்ப்பு மையம். அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்பு அமைப்பு வண்டிகளின் கவிழும் வாய்ப்பை மதிப்பிட ஓர் எளிய எண்ணைப் பயன்படுத்துகிறது. இடது, வலது சக்கரங்களுக்கு இடையிலான தூரத்தில் பாதியை ஈர்ப்பு மையத்தின் உயரத்தால் வகுக்கவேண்டும். சாதாரணக் கார்களுக்கு இது 1.3 முதல் 1.5 வரை வரும், எஸ்யூவிகளுக்கு 1.0 முதல் 1.3. எண் குறையக் குறைய வண்டி எளிதில் கவிழும்.

சக்கர இடைவெளி 1.55 மீட்டர், ஆட்களோடு எடை 2,000 கிலோ, ஈர்ப்பு மையம் தரையிலிருந்து 70 சென்டிமீட்டர் உயரத்தில் என்று ஒரு எஸ்யூவியை வைத்துக்கொள்ளலாம். எண் 1.11. கூரையில், 1.95 மீட்டர் உயரத்தில் 75 கிலோ ஏற்றினால் ஈர்ப்பு மையம் நாலரை சென்டிமீட்டர் மேலே போகும், எண் 1.04. வரம்பை மீறி 150 கிலோ ஏற்றினால் 0.98. சஸ்பென்ஷனும் டயரும் அமுங்கி வளைவதால் நிஜச் சாலையில் நிலைமை இதைவிட மோசமாகத்தான் இருக்கும். நிதானமாக ஓட்டும்வரை எதுவும் தெரியாது. 70 கொண்டை ஊசி வளைவுகள் உள்ள கொல்லிமலைப் பாதையிலும் ஆபத்து வேகத்தில்தான். நெடுஞ்சாலையில் 90 கி.மீ. வேகத்தில் குறுக்கே மாடு வந்து, ஸ்டியரிங்கை ஒரு பக்கம் ஒடித்து உடனே மறுபக்கம் திருப்பும் அந்த இரண்டு நொடிகளில்தான் கூரை மூட்டை தன் வேலையைக் காட்டும்.

இடம் கூடும், பலம் கூடாது

பலர் கவனிக்கத் தவறும் கணக்கு இன்னொன்று. கேரியர் வண்டிக்குக் கூடுதல் இடம் தருகிறது. கூடுதல் சுமை தாங்கும் பலத்தைத் தருவதில்லை. ஒவ்வொரு வண்டிக்கும் ஆட்கள், எரிபொருள், சாமான் எல்லாம் சேர்ந்து இவ்வளவுதான் என்ற மொத்த எடை வரம்பு உண்டு. ஏழு இருக்கை எஸ்யூவிகள் பலவற்றில் வெற்று எடை போக, ஏற்றக்கூடியது 500, 600 கிலோ அளவுதான். ஆளுக்கு 65 கிலோ வீதம் ஏழு பேர் ஏறினாலே 455 கிலோ. ஆக, எந்தப் பயணத்துக்குக் கேரியர் தேவைப்படுகிறதோ அந்தப் பயணத்தில்தான் வண்டியின் சுமை வரம்பும் ஏறக்குறைய தீர்ந்திருக்கும்.

இதிலிருந்து ஏற்றும் முறையும் கிடைத்துவிடுகிறது. பருமன் அதிகம், கனம் குறைவு என்பவை மேலே: தலையணை, போர்வை, துணிப் பைகள், குழந்தையின் மடக்கு வண்டி. கனமானவை கீழே, முடிந்தவரை இருக்கைக்கு ஒட்டி. ஊரிலிருந்து திரும்பும்போது ஏறும் 25 கிலோ அரிசி மூட்டையும் தேங்காய்ச் சாக்கும் கூரைக்குப் போகவே கூடாது. பெரிய எஸ்யூவியின் கூரை தரையிலிருந்து ஐந்தே முக்கால் அடிக்கு மேல். 25 கிலோவைத் தலைக்கு மேல் தூக்கி வைப்பவரின் இடுப்பும் இதை ஒப்புக்கொள்ளும். டயரில் முழுச்சுமைக்கான காற்றழுத்தம் எவ்வளவு என்பது பெரும்பாலும் ஓட்டுநர் கதவோரம் ஒட்டிய ஸ்டிக்கரில் தனியாக இருக்கும். கிளம்புமுன் அந்த அளவுக்குக் காற்றடிக்கவேண்டும்.

கட்டுவதில் அனுபவமுள்ள டாக்ஸி ஓட்டுநர்கள் செய்யும் சில காரியங்கள் கவனிக்கத்தக்கவை. பெட்டிகளை அடுக்கும்போது பெரியதை முன்பக்கம் நிறுத்தமாட்டார்கள். தாழ்வானதை முன்னும் உயரமானதைப் பின்னும் வைப்பார்கள். தார்ப்பாயின் முன்விளிம்பைப் பெட்டிகளுக்கு அடியில் மடித்துச் சொருகிவிட்டுத்தான் கயிறு போடுவார்கள். விளிம்பு வெளியே இருந்தால் முதல் பத்து கிலோமீட்டரிலேயே காற்று அதைப் பிரித்து, படபடவென்று அடித்துக் கிழித்துவிடும். பெல்ட் போட்டு இறுக்கும்போது அதை ஒன்றிரண்டு முறுக்கு முறுக்கி விடுவதும் உண்டு. தட்டையாக இழுத்துக் கட்டிய பெல்ட் காற்றில் நாதஸ்வரச் சீவாளிபோலத் துடித்து இரையும். முறுக்கிய பெல்ட் சும்மா இருக்கும். கொஞ்ச தூரம் போனதும் ஒரு டீக்கடையில் நிறுத்தி, எல்லாவற்றையும் மறுபடி ஒருமுறை இழுத்துப் பார்ப்பார்கள். குலுங்கிக் குலுங்கி மூட்டைகள் படிந்தபின் கட்டு தளர்ந்துதான் இருக்கும்.

உயரம், கண்ணாடி, அபராதம்

மஹிந்திரா ஸ்கார்பியோ-என் 1.86 மீட்டர் உயரம். கேரியரும் பெட்டியுமாக அரை மீட்டர் ஏறினால் 2.4 மீட்டர். வணிக வளாகங்களின் நிலத்தடி நிறுத்தங்களில் 2.1, 2.2 மீட்டரில் குறுக்குக் கம்பி தொங்கவிட்டிருப்பார்கள். தினமும் அப்படியோர் அலுவலக நிறுத்தத்துக்குள் போகவேண்டியவர் நிரந்தரக் கேரியர் வைத்துக்கொள்ள முடியாது.

இன்னொரு மோதல் அண்மையில் வந்தது: கூரை முழுக்கக் கண்ணாடி வைத்த சன்ரூஃப். சில மாடல்களில் கண்ணாடி மேலெழும்பிப் பின்னோக்கி நகரும்; குறுக்குக் கம்பி இருந்தால் அதில் இடிக்கும். குழந்தைகள் ஆசைப்பட்டு வாங்கிய சன்ரூஃபும் பெட்டிகளுக்காக வாங்கிய கேரியரும் ஒரே கூரைக்குப் போட்டி போடும். இரண்டில் எது வேண்டும் என்பதை வாங்கும்போதே தீர்மானிப்பது நல்லது.

சட்டத்தையும் பார்த்துக்கொள்ளவேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, ஆர்.சி.யில் பதிவான விவரங்கள் மாறும்படி வண்டியைத் திருத்தக்கூடாது என்கிறது. கூரையில் வெல்டிங் வைத்து நிரந்தரச் சட்டம் அடிப்பது வம்பை விலைக்கு வாங்குவது. சுமை பக்கவாட்டிலோ முன்பின்னோ உயரத்திலோ அனுமதித்த எல்லையைத் தாண்டி நீட்டிக்கொண்டிருந்தால், 2019இல் திருத்தப்பட்ட சட்டத்தின்படி அபராதம் 20,000 ரூபாய். சுமையை இறக்கும் செலவும் தனி.

யாருக்குத் தேவை?

ஐந்து இருக்கை எஸ்யூவியும் நான்கு பேர் குடும்பமும் என்றால், பெரும்பாலும் தேவையே இல்லை. கிரெட்டா வண்டியின் டிக்கி 433 லிட்டர். விறைப்பான சூட்கேஸ்களுக்குப் பதில் நெகிழும் துணிப் பைகளாக எடுத்துக்கொண்டால், நான்கு பேரின் ஒரு வார உடைமை அதில் அடங்கிவிடும். ஆண்டுக்கொரு முறை மட்டும் கூடுதல் சாமான் என்றால், பார்சல் சர்வீஸில் முதல்நாளே இரண்டு பெட்டிகளைப் போட்டுவிடுவது கேரியர் விலையைவிட வெகு மலிவு.

மூன்றாவது வரிசையை உண்மையாகவே பயன்படுத்தும் கூட்டுக் குடும்பத்துக்குத் தேவை இருக்கிறது. தாத்தா பாட்டியோடு ஏழு பேராக ஆண்டுக்கு நான்கைந்து நெடும்பயணம் போகிறவர்களுக்கு வேறு வழியும் குறைவு. அவர்கள் இரும்புக் கூடையைத் தவிர்த்து, இறக்கை வடிவக் குறுக்குக் கம்பி இரண்டும், அதன்மேல் முன்பக்கம் சரிந்த மூடுபெட்டியோ நீர் புகாத துணிப் பையோ வாங்கினால் காற்றுக்குக் கட்டும் வரி பாதியாகும். ஐப்பசி அடைமழையில் தார்ப்பாயோடு போராடும் வேலையும் மிச்சமாகும்.

உள்ளே நுழையவே நுழையாத நீளப் பொருள்களை வைத்திருப்போருக்குக் கேரியர் கட்டாயம். கோவளம் கடலில் அலைச்சறுக்கு பழகுபவரின் ஒன்பதடிப் பலகை எடை சில கிலோதான்; ஆனால் எந்த எஸ்யூவியின் உள்ளும் வசதியாகப் படுக்காது. கனமில்லாத நீளப் பொருளுக்குக் கூரையைவிட நல்ல இடம் கிடையாது.

வாங்குகிறவர்கள் கடையில் விலையைக் கேட்குமுன் வண்டியின் கையேட்டைத் திறந்து இரண்டு எண்களைக் குறித்துக்கொள்ளவேண்டும்: ஓடும்போது கூரை தாங்கும் எடை, வண்டியின் மொத்த எடை வரம்பு. கழற்றி மாட்டும் வகைக் குறுக்குக் கம்பிகளைக் கழற்ற, சாவி கையிலிருந்தால் கால் மணி நேரம் ஆகும். பயணம் முடிந்த மறுநாளே கழற்றிப் பரணில் போட்டுவிடலாம். மறுபடி மாட்டும்போது ரப்பர் அடிப்பாகத்தையும் அது உட்காரும் இடத்தையும் ஈரத்துணியால் துடைத்துவிட்டு மாட்டவேண்டும். இடையில் மணல் சிக்கினால் ஊர் போய்ச் சேர்வதற்குள் அங்கே பெயின்ட் உரிந்திருக்கும்.